மேலே வரும்போது வரும் மயக்கம்

கிணற்றிலோ குளத்திலோ தம் கட்டி மூழ்கி விளையாடாதவர்கள் நம்மில் குறைவு. முதல் இருபது, முப்பது விநாடிகள் ஒன்றும் தெரியாது. பிறகு நெஞ்சுக்குள் ஓர் இறுக்கம். தொண்டை தானாக எச்சில் விழுங்கப் பார்க்கும். விலா எலும்புக்குக் கீழே உதரவிதானம் வெட்டி வெட்டி இழுக்கும். இனி முடியாது என்று தலையை வெளியே நீட்டிவிடுவோம். ஏன் முடியவில்லை என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: உள்ளே இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோயிற்று.

அந்தப் பதில் தவறு. தலையை நீட்டிய அந்த நொடியில் நம் ரத்தத்தில் ஆக்சிஜன் தாராளமாகவே இருக்கிறது. குளத்தில் விளையாடுகிறவருக்கு இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதால் பெரிய நட்டமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கி ஈட்டியால் மீன் பிடிப்பவர்களுக்கு இது உயிர் போகும் விஷயம். இறந்தவர்களில் பலர் அனுபவசாலிகள், நல்ல நீச்சல்காரர்கள். உடலில் காயம் இருக்காது. அவர்களோடு போனவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: அடியில் நன்றாகத்தான் இருந்தார், சாவகாசமாகத்தான் மேலே ஏறி வந்தார், நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கும்போது கைகால் தளர்ந்துவிட்டது. சிலர் வெளியே வந்து முதல் மூச்சை இழுத்த பிறகுகூட மயங்கி மூழ்கியிருக்கிறார்கள். இருபது மீட்டர் ஆழத்தில் வராத மயக்கம், காற்று கைக்கெட்டும் தூரத்தில் ஏன் வருகிறது?

இந்தப் புதிரைப் பார்க்க அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் டியேகோ நல்ல இடம். நீருக்கடியில் மீன் வேட்டையாடும் பொழுதுபோக்குக்கு அங்கே நீண்ட வரலாறு உண்டு. 1933இல் கிளென் ஓர், ஜாக் புரோடனோவிச், பென் ஸ்டோன் ஆகிய மூவர் 'பாட்டம் ஸ்க்ராட்சர்ஸ்' என்ற மூழ்கு சங்கத்தைத் தொடங்கினார்கள். கண்ணாடி, ஈட்டி எல்லாவற்றையும் கையாலேயே செய்துகொண்ட காலம் அது. சங்கத்தில் சேர ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். 30 அடி ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மூன்று அபலோனிச் சிப்பிகளைப் பெயர்த்து எடுத்துவர வேண்டும். இன்று அந்தத் தேர்வை அங்கே நடத்த முடியாது. அபலோனி அருகிப்போனதால் தென் கலிஃபோர்னியாவில் 1997 முதல் அதை எடுக்கத் தடை. அதே ஊரில், லா ஹோயா கரையில், ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் இருக்கிறது. மூழ்கும் உயிர்களின் உடலியலை ஆராய்ந்தவர்களில் முன்னோடியான பெர் ஸ்கோலாண்டர் 1958இல் அங்கே வந்து சேர்ந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

சனிக்கிழமை விடியலில் பாயின்ட் லோமா கடற்பக்கம் போனால் சிறு படகுகளையும் கயாக்குகளையும் பார்க்கலாம். கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசி அங்கே அடிப்பாறையிலிருந்து நீர்மட்டம்வரை காடாக வளர்ந்து நிற்கும். அதன் ஓரத்தில்தான் மீன். 'ஒயிட் சீபாஸ்' என்று அவர்கள் சொல்லும் மீன் நம்மூர்க் கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கத்தாளையைப் போலவே காற்றுப்பையை அதிரவைத்து உறுமும். 'யெல்லோடெய்ல்' நம் பாரையின் உறவு. கத்தாளை இனத்துக்குக் காது கூர்மை. ஸ்கூபா உருளையிலிருந்து குமிழ்கள் கலகலவென்று வெளியேறினால் அது விலகிப் போய்விடும். வேட்டைக்காரர்கள் உருளையைக் கரையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் இறங்குவதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரு மூழ்கலைக் கிட்டே இருந்து பார்ப்போம். வெட்சூட் அணிந்தவர் கெல்ப் இலைகளுக்கிடையே முகம் கவிழ்ந்து மிதக்கிறார். இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பட்டை. கையில் ரப்பர் பட்டை இழுத்து மாட்டிய ஈட்டித் துப்பாக்கி. ஸ்னார்க்கல் வழியாக ஓரிரு நிமிடம் நிதானமாக மூச்சுவிடுகிறார். கடைசியாக ஒரு மூச்சை நிறைய இழுத்து, ஸ்னார்க்கலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இடுப்பை மடித்துத் தலைகீழாகச் சரிகிறார். நீண்ட துடுப்புகள் நான்கைந்து முறை அசைகின்றன. மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றை ஊதிச் சமன்செய்தபடியே போகிறார். பத்து மீட்டரைத் தாண்டியதும் துடுப்பு அசைவது நின்றுவிடுகிறது. நுரையீரலும் வெட்சூட்டும் அழுத்தத்தில் சுருங்கி மிதப்பு குறைந்துவிட்டதால் உடம்பு தானே கீழே போகிறது. அடியில் ஒரு பாறையைப் பிடித்து அசையாமல் காத்திருக்கிறார். மொத்தம் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். இதற்குள் அவர் உடம்பில் நடப்பது என்ன?

மூச்சுவிடு என்று நம்மைத் துரத்துவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. இதை உறுதிசெய்தவர்களில் முக்கியமானவர்கள் ஜே. எஸ். ஹால்டேனும் ஜே. ஜி. பிரீஸ்ட்லியும். அவர்களின் ஆய்வு 1905இல் வெளிவந்தது. நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றுப்பைகளிலிருந்து கடைசி ஊதலில் வெளிவரும் காற்றைப் பிடித்து அளக்க ஓர் எளிய முறை கண்டார்கள். அதை எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சிக்கும், கார்ன்வாலில் உள்ள டோல்கோத் என்ற ஆழமான சுரங்கத்துக்கும் போய் அளந்தார்கள். மலைமேல் காற்றழுத்தம் குறைவு, சுரங்கத்தில் கூடுதல். அதற்கேற்ப நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறி இறங்கியது. கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. உடம்பு எதை ஒரே நிலையில் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறதோ, அதைத்தான் அது கண்காணிக்கிறது. மூச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி கார்பன் டை ஆக்சைடின் கையில் இருக்கிறது என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். ஒரு மலை, ஒரு சுரங்கம், ஓர் ஊதல். இவ்வளவு குறைந்த கருவிகளோடு இவ்வளவு பெரிய உண்மையை எட்டிய ஆய்வுகள் அதிகமில்லை.

விறகடுப்பில் எவ்வளவு விறகு எரிந்தது என்பதை, சேர்ந்திருக்கும் சாம்பலைப் பார்த்துக் கணக்கிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு செய்வது அதுதான். ஆக்சிஜன் விறகு, கார்பன் டை ஆக்சைடு சாம்பல். விறகுக் கட்டைப் போய்ப் பார்க்காமல் சாம்பலின் அளவைப் பார்த்தே மூளை மூச்சுக்கு உத்தரவு போடுகிறது. அன்றாட வாழ்க்கையில் இந்தக் கணக்கு தப்புவதே இல்லை. எரிந்த விறகுக்கு ஏற்பச் சாம்பல் வந்துகொண்டுதான் இருக்கும்.

யாராவது முதலிலேயே அடுப்பைச் சுத்தமாக வாரிவிட்டால்தான் சிக்கல். மூழ்குவதற்கு முன் வேகவேகமாகவும் ஆழமாகவும் மூச்சை இழுத்து விடும் பழக்கம் பலருக்கு உண்டு. மிகைமூச்சு என்று இதைச் சொல்லலாம். காற்றை உள்ளே 'ஏற்றிக்கொள்வதாக' அவர்கள் நினைக்கிறார்கள். சாதாரணமாக மூச்சுவிடும்போதே ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 97, 98 சதவீதம் ஆக்சிஜன் நிரம்பியிருக்கிறது. மேலும் ஏற்ற இடமே இல்லை. நுரையீரலில் கொஞ்சம் கூடும், அவ்வளவே. கார்பன் டை ஆக்சைடு மட்டும் வேகமாக வெளியேறிவிடுகிறது; அதன் அழுத்தம் பாதியாகக்கூடக் குறையும். விறகு கூடவில்லை, சாம்பல் மட்டும் காலி. இப்போது மூழ்கினால் நெஞ்சு இறுக வேண்டிய நேரத்தில் இறுகாது. அவருக்கு அது இன்பமாகவே இருக்கும். இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தோன்றும். எச்சரிக்கை ஒலிக்கும் அளவுக்குச் சாம்பல் சேர்வதற்குள் விறகு தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு, கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திசுக்களுக்கு எளிதில் விடாது.

ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தில் மூச்சடக்கி நீளம் நீளமாக நீந்திப் பயிற்சி செய்கிறார்களே, அங்கேயும் இதே ஆபத்துதான். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிரெய்க் 1961இல் நீருக்கடியில் நீந்தி மயங்கியவர்களின் சம்பவங்களை ஆராய்ந்து எழுதினார். 1976இல் 58 சம்பவங்களைத் தொகுத்தார். மூழ்குமுன் மிகைமூச்சு, பிறகு ஒரு குறிக்கோளை எட்டிவிட வேண்டும் என்ற பிடிவாதம், அதன்பின் எந்த முன்னறிகுறியும் இல்லாத மயக்கம் என்ற வரிசை அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. பிழைத்தவர்களில் பலருக்கு மயங்கியதே நினைவில்லை. ஆளுயரத் தண்ணீர் போதும், ஆழம் தேவையில்லை. உயிர்காப்பாளர் நிற்கும் குளத்தில்கூட, அடியில் ஒருவர் அசையாமல் கிடந்தால் பயிற்சி செய்கிறார் என்றே மற்றவர்கள் நினைப்பார்கள். இதனாலேயே குளத்துப் பயிற்சியை நான் கடலைவிடப் பாதுகாப்பானதாகக் கருதுவதில்லை.

கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. எச்சரிக்கை மணி அடிக்காதது சரி, மயக்கம் ஏன் அடியிலேயே வரவில்லை? இங்கேதான் ஆழம் தன் வேலையைக் காட்டுகிறது.

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. மேலே ஆறு லிட்டர் காற்று நிரம்பிய நுரையீரல் பத்து மீட்டரில் மூன்று லிட்டராகவும், இருபதில் இரண்டாகவும் சுருங்கும். ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் போவது அதன் சதவீதத்தைப் பொறுத்ததல்ல. மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் கொடுக்கும் பங்கை, அதாவது அதன் பகுதி அழுத்தத்தைப் பொறுத்தது.

கடல்மட்டக் காற்றழுத்தத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். மூச்சடக்கும்போது நுரையீரலில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஏறக்குறைய 14. இது நான்கு என்ற அளவுக்கு இறங்கினால் மனிதர் நினைவிழக்கும் எல்லைக்கு வந்துவிடுவார். நம் ஆள் இருபது மீட்டருக்கு இறங்குகிறார். காற்று மூன்று மடங்கு அழுத்தப்படுவதால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் 40ஐத் தாண்டுகிறது. அவர் ஓர் அணுவும் புதிதாகச் சுவாசிக்கவில்லை; ஆனாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் ராஜவிருந்து. பாறையடியில் காத்திருக்கிறார், மீனைத் துரத்துகிறார், ஆக்சிஜன் செலவாகிறது. நுரையீரல் காற்றில் அது வெறும் 4 சதவீதமாக வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு அழுத்தத்தில் அதன் பங்கு 12. மேலே நின்று மூச்சுவிடும்போது இருந்ததற்கு அதிகக் குறைவில்லை. அடியில் இருப்பவர் தெளிவாக யோசிக்கிறார், குறிபார்க்கிறார். கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் ஆக்சிஜனை நேரடியாக உணரும் சிறு உறுப்பு ஒன்று நமக்கு இருக்கிறது. அதன் பணியை விளக்கியதற்காகக் கோர்னேய் ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தால்தான் அது குரல் கொடுக்கும். ஆழத்தின் அழுத்தம் அதையும் ஏமாற்றி அமைதியாக வைத்திருக்கிறது.

இப்போது மேலே ஏறுகிறார். பத்து மீட்டரில் 12 எட்டாகிவிட்டது. அங்கிருந்து நீர்மட்டத்துக்குள் எட்டு நான்காகிவிடும். வழியில் துடுப்படிக்கத் தசைகள் எடுத்துக்கொள்வதை நான் இன்னும் கழிக்கவில்லை. முப்பதிலிருந்து இருபது மீட்டருக்கு வரும்போது அழுத்தம் கால்பங்கு குறைகிறது, இருபதிலிருந்து பத்துக்கு மூன்றில் ஒருபங்கு, கடைசிப் பத்து மீட்டரில் பாதிக்குப் பாதி. சரிவு மிகச் செங்குத்தாக இருப்பது கடைசி மீட்டர்களில்தான். கால் தளர்வதும் அங்கேதான். இதை மேல்நீர் மயக்கம் என்று அழைக்கலாம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. விரியும் நுரையீரலில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ரத்தத்தில் இருப்பதைவிடக் கீழே போனால், ஆக்சிஜன் ரத்தத்திலிருந்து நுரையீரலுக்குத் திரும்பிப் பாயும். கேட்பதற்கு நம்பமுடியாததாக இருக்கும். எட்வர்ட் லான்ஃபியர், ஹெர்மன் ரான் இருவரும் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இதைக் கடலுக்கே போகாமல் அளந்தார்கள். அழுத்தக் கூடத்துக்குள் உட்கார்ந்தவர் மூச்சடக்க, கூடத்தின் அழுத்தத்தைப் பத்து மீட்டர் ஆழத்துக்குச் சமமாக ஏற்றி, பிறகு இறக்கினார்கள். வெவ்வேறு கட்டங்களில் நுரையீரல் காற்றை எடுத்துப் பார்த்தார்கள். இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கத்துக்கு மாறாக நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் போனது. ஏறும்போது ஆக்சிஜனின் அழுத்தம் சடாரென்று விழுந்தது. 1963இல் வெளிவந்த அந்த அளவீடுகள், கடலில் சாட்சியில்லாமல் நடந்த மரணங்களுக்கு ஒரு விளக்கம் கொடுத்தன.

உடம்பு இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. முகம் குளிர்ந்த நீரில் பட்டு மூச்சும் நின்றால் இதயத் துடிப்பு தானாகக் குறைகிறது. கைகால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கப்படுகிறது. இந்த மூழ்கு அனிச்சையை வாத்துகளில் பால் பெர்ட் 1870 வாக்கிலேயே கவனித்தார். ஸ்கோலாண்டர் 1940இல் சீல்களில் அதை விரிவாக அளந்தார். மனிதருக்கும் உண்டா என்று அறிய ஆஸ்திரேலியாவின் முத்துக்குளிப்பவர்களைச் சோதித்தார். அவர்களுக்கும் துடிப்பு குறைந்தது. 1962இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடுகிறது. கொரியாவின் மூழ்கும் பெண்களை ஆராய்ந்தபோது மண்ணீரல் ஐந்தில் ஒருபங்கு சுருங்கியதும், ஹீமோகுளோபின் அடர்த்தி பத்தில் ஒருபங்கு கூடியதும் தெரிந்தன. இந்தோனேசியாவில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்து ஊர் சலுவான் மக்களுடையதைவிட ஏறத்தாழ 50 சதவீதம் பெரியது என்று மெலிசா இலார்டோ குழுவினர் 2018இல் கண்டார்கள். மூழ்காத பஜாவ் மக்களுக்கும் அப்படியே. இந்த ஆற்றல்கள் ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்க உதவுமே தவிர, சரிவைத் தடுக்காது.

ஆகவே நெஞ்சு இறுகுகிறதா என்று பார்த்து முடிவெடுப்பது இந்த விளையாட்டில் வேலைக்காகாது. மயக்கம் வருவது மயங்குகிறவருக்குத் தெரியாது. அதைப் பார்க்க இன்னொருவரின் கண் வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், கல்லில் கால் வைத்து இறங்குபவரின் கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார். படகில் பாதிப்பேர் மூழ்கும்போது மீதிப்பேர் இளைப்பாறுவார்கள். சான் டியேகோவின் வேட்டைக்காரர்களும் இன்று கற்றுக்கொள்வது ஒருவர் கீழே, ஒருவர் மேலே என்ற அதே ஏற்பாட்டைத்தான். இரண்டு பேர் சேர்ந்து போனாலும், ஆளுக்கொரு பக்கம் மீன் தேடினால் அது தனியாகப் போனதற்குச் சமம்.

ஈயப் பட்டையின் எடையிலும் உயிர் இருக்கிறது. பத்து மீட்டருக்கு மேலே வந்ததும் உடம்பு தானே மிதக்கும்படி எடையைக் குறைத்துக் கட்ட வேண்டும். கடைசி மீட்டர்களில் நினைவு தப்பினாலும் அவர் மேலே வந்து சேர்வார், துணைவர் பிடித்துக்கொள்ளலாம். சீக்கிரம் இறங்க வேண்டும் என்று கூடுதல் ஈயம் கட்டியவர் திரும்பக் கீழே போய்விடுவார். ஒரு மூழ்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே, அடியில் இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே கிடந்து மூச்சுவிட வேண்டும். அந்த மூச்சு வேகமாக இருக்கக் கூடாது, தூங்குபவரின் மூச்சாக இருக்க வேண்டும்.

மேலே வந்தவர் முதல் மூச்சை இழுத்தபின் அந்த ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து இதயம் வழியாக மூளையை எட்டச் சில விநாடிகள் ஆகும். அதுவரை மூளைக்குப் போய்க்கொண்டிருப்பது பழைய, வற்றிய ரத்தம். மூச்சடக்கும் போட்டிகளில் வெளிவந்தவர் 15 விநாடிக்குள் முகமூடியைக் கழற்றி, சைகை காட்டி, நலமாக இருக்கிறேன் என்று வாயால் சொன்னால்தான் அந்த மூழ்கல் செல்லும். வேட்டையில் துணைவர் முப்பது விநாடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈட்டியில் எத்தனை பெரிய மீன் துடித்தாலும் சரி. உதடு நீலம் பாய்வது, தலை ஆடுவது, பார்வை எங்கோ நிலைகுத்துவது இவைதான் அறிகுறிகள். மயங்கிவிட்டால் ஈயப் பட்டையை அவிழ்த்துவிட்டு, முகத்தை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, முகமூடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, கண்ணைச் சுற்றி ஊதி, பேர் சொல்லிக் கூப்பிட்டு மூச்சுவிடச் சொல்ல வேண்டும். மயங்கிய தொடக்கத்தில் குரல்வளை இறுகி மூடிக்கொள்வதால் நீர் பெரும்பாலும் உள்ளே போயிருக்காது. உடனே தூக்கப்பட்டவர்களில் பலர் சில விநாடிகளில் மூச்சுவிட்டுக் கண் திறப்பார்கள். திறக்காவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், உதவிக்கு அழைக்க வேண்டும். தெளிந்துவிட்டாலும் அன்றைக்கு அவர் மறுபடி நீரில் இறங்கக் கூடாது. கரைக்கு வந்ததும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.